ஒரு மணி நேர பன்

இருபத்தாறு வருடம் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவன் நான். தெருவில் எனக்குப் பேரே அதுதான். பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு ட்ரே பன்னைக்கூடக் கருகவிட்டதில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்த வாய்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

மாவுத்தூசி நெஞ்சுக்குள் படிந்துவிட்டது, இனி மாவுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் போன வருடம் வேலையை விட்டேன். மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். மகன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். நூலளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட கையைத்தான் அவளுடைய அப்பா பன்னிரண்டு வருடமாக 'கவனமில்லாத கை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்குப் பதினான்கு வயதில், அம்மா இல்லாத அந்த வீட்டில், வெந்நீர் அடுப்பை அணைக்க மறந்துவிட்டுப் பாடம் படிக்க உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயதுத் தங்கை பாத்திரத்தை இழுத்துவிட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தங்கைக்கு வலிப்பும் உண்டு. அப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்தால் அடைக்க இருட்டிவிடும். இருபது வயதுப் பெண் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சமையலறையில் வலிப்பு வந்து, பார்க்க ஆளில்லாமல் ஒரு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து மருமகளுக்கு ஒரே எண்ணம்தான். தங்கையை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். "மாமா வீட்லதான் இருக்காங்க. என் கடை அஞ்சு நிமிஷ நடை. இதைவிட வேற என்னப்பா வேணும்?" என்று போனில் அப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். சின்ன அறையைக் காலி செய்து ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். அதன் முனைகளில் எல்லாம் பஞ்சு வைத்துத் துணி சுற்றினாள். கடைசியில் அவர் ஒரு படி இறங்கி வந்து, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரோம். வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். தங்கைக்கு பன் என்றால் உயிர். அக்காவே சுட்டுத் தருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

வீட்டில் ஒரு மாஸ்டர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவளோ போனில் யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் பன் சுடக் கற்றுக்கொண்டிருந்தாள். வெதுவெதுப்பான பால், சர்க்கரை, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக ஈஸ்ட். நுரைத்ததும் மாவு, வெண்ணெய், ஒரு முட்டை போட்டுப் பிசைய வேண்டும். இருபது நிமிடம் பொங்கவிட்டு, பன்னிரண்டாக உருட்டி, இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, பதினைந்து நிமிடம் சுட்டால் முடிந்தது. எங்கள் பேக்கரியில் முதல் நாளே மாவு பிசைந்து வைப்போம்.

"மாவுக்குத் தூக்கம் வேணும்மா. தூங்காத மாவும் தூங்காத பிள்ளையும் சிணுங்கிட்டேதான் இருக்கும்" என்றேன்.

"இது குட்டித் தூக்கம் போடற மாவு மாமா" என்று சிரித்தாள்.

அவள் முதல் தடவை சுட்டபோது, பார்க்க ஆளில்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் நின்று ஒன்றைத் தின்றேன். நன்றாக இருந்தது. மெத்தென்று, பால் வாசனையோடு, சரியான உப்போடு இருந்தது. ஹாலுக்கு வந்து, "பரவாயில்ல. கொஞ்சம் சோடா வாடை வருது" என்றேன். அதில் அவள் சோடாவே போடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் காபியைக் குடித்தேன். அந்த ஓவனுக்கும் 'பொம்மை ஓவன்' என்று பேர் வைத்திருந்தேன். இதையெல்லாம் நான் தொடமாட்டேன் என்று சபதம் போடாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாளே, டாக்டர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கில் துணி கட்டி மாவு பிசைந்தேன். எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் போர்வையால் மூடி வைத்தேன். நோக்கம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய பன்னும் என்னுடைய பன்னும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். சம்பந்தி இரண்டையும் தின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்ப வேண்டும். அறுபது தாண்டியவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகன் அவர்களை அழைத்து வரப் பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருந்தான். மருமகள் சமையலை முடித்து, பன்னுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். சமையலறை எனக்குக் கிடைத்தது. என் பன்களை உருட்டுவதற்குள் ஓவன் காய்ந்துவிட வேண்டும் என்று போய்த் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். கதவைத் திறந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேக்கரி ஓவன் அணைவதே இல்லை. காயாத ஓவனுக்குள் யாரும் எதையும் வைக்கமாட்டார்கள். மாவு பொங்குவதற்கென்று தனி அறை இருக்கும். வீட்டில் சுடுகிறவர்கள் ஓவனை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, அந்த இளஞ்சூட்டில் மாவைப் பொங்க வைப்பார்கள் என்பது இருபத்தாறு வருட மாஸ்டருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவை மறைத்துக்கொண்டு கைப்பிடித் துணி தொங்கியது. விலக்கிப் பார்த்திருக்கலாம். பொம்மை ஓவனுக்கு அவ்வளவு மரியாதை தர மனசு வரவில்லை.

அறையில் எட்டாவது பன்னை உருட்டும்போது வாடை வந்தது. பிளாஸ்டிக் வாடை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ட்ரேயின் மேல் வைத்திருந்த நீல பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உள்ளே மாவு மேலே தோல் கட்டி, ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் குழைந்துபோயிருந்தது. திருகை அணைத்தேன். கதவை மூடினேன். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

அவள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள். கதவைத் திறந்தாள்.

"ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சேனே மாமா" என்றாள். பிறகு மெதுவாக, "அணைச்சேன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வந்தது வேறு.

"வாடை வந்துச்சும்மா. நான்தான் வந்து அணைச்சேன்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. இதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதும் இல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். அன்றுதான் அதன் முழு அர்த்தம் தெரிந்தது. எதையாவது சொல்லி அந்தக் கையை விடுவித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "கவலைப்படாத, கொஞ்சம் மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன்" என்றேன். எப்போது பிசைந்தேன், எதற்குப் பிசைந்தேன் என்றுகூட அவள் கேட்கவில்லை. ஜன்னல்களைத் திறந்து, ட்ரேயை எடுத்து, ஓவனைத் துடைத்துக் கொடுத்தாள். என் பன்கள் உள்ளே போயின.

ஒன்றுகூடக் கருகவில்லை.

சம்பந்தி வந்தார். மருந்துக்கடைக்காரருக்கே உரிய மாதிரி எல்லாவற்றையும் லேபிள் படிப்பதுபோலப் பார்த்தார். சின்ன அறையையும் கட்டில் முனையில் சுற்றியிருந்த துணியையும் விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. மருமகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் உட்கார்ந்ததும் தங்கை கூடையை எட்டிப் பார்த்து, "இது அக்கா பண்ணின பன்னா?" என்றாள்.

"இல்லடா, மாமா பண்ணினது" என்றாள் மருமகள். அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவன் ஒருத்தன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அது தெரியவில்லை. "என்னோடது வீணாப்போச்சு. ஓவன அணைக்க மறந்துட்டேன்பா. கிண்ணம் உருகிடுச்சு. மாமாதான் பாத்து அணைச்சாங்க."

சம்பந்தி கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார்.

"மறந்துட்டியா?"

"அணைச்சேன்னு நெனச்சேன்பா."

"அன்னிக்கும் இதேதான சொன்ன? அணைச்சேன்னு நெனச்சேன்னு." குரலை உயர்த்தவில்லை. "நீ நெனச்சதுக்கும் அணைச்சதுக்கும் நடுவுலதான் இவ கை வெந்துச்சு."

தங்கை தழும்புக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மகன், "இன்னிக்கு ஒரு நாள் வேலை ஜாஸ்தி, அதான் மாமா" என்று ஏதோ சொல்லப் பார்த்தான். சம்பந்தி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மகள் முன்னால் வைத்தார். அவள் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் துடைத்தாள். நான் எழுந்து சம்பந்தி தட்டில் இன்னொரு பன்னை வைத்தேன். வெண்ணெய்க் கிண்ணத்தையும் நகர்த்திக் கொடுத்தேன்.

"போதும் சம்பந்தி" என்றார். கிளம்பும்போது வாசலில், "இவ என்கூடவே இருக்கட்டும். கடையில ஒரு நாற்காலி போட்டுக்கறேன்" என்றார். பிறகு என்னிடம் தனியாக, "பன்னு பிரமாதம். வீட்ல உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி" என்றார். நான் கும்பிட்டேன்.

மறுநாளிலிருந்து மருமகள் வேலைக்குக் கிளம்புவது வேறு மாதிரி ஆகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போவாள். திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். மூன்றாம் நாளிலிருந்து அடுப்பையும் ஓவன் திருகையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். அந்த நீலக் கிண்ணத்தைத் தூக்கி எறியவில்லை. வளைந்தது வளைந்தபடியே அலமாரியில் கண்ணுக்கு நேராக வைத்தாள். "பாத்துட்டே இருந்தாத்தான் புத்தி வரும்" என்றாள். மகன் சொன்னான், கடையில் ஒரு கண்ணாடிக்கு மூன்று தடவை அளவு எடுக்கிறாளாம்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். காலையில் சொன்னால் வேலைக்குப் போகிற நேரத்தில் மனசு கெடும். மாலையில் சொன்னால் களைத்து வந்திருக்கிறாள். இப்படி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நல்ல நேரம் பார்த்திருக்கமாட்டேன்.

பதினோராம் நாள் காலையில் வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் முன்னால் போனை நீட்டினாள். அதில் அடுப்பின் படம்.

"அணைஞ்சுதான இருக்கு மாமா? எனக்குப் பாத்தா அணைஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா என் கண்ண நம்ப முடியல. நீங்க பாத்துச் சொன்னாத்தான் நிம்மதியா போவேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன். கட்டிலுக்கு அடியில் இருந்த அடுக்கிலிருந்து ஆரம்பித்து, சோடா வாடை வரைக்கும், ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் தின்றது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைத் தோளில் மாட்டியபடியே நின்று கேட்டாள்.

"அணைச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு மாமா" என்றாள். "கைய திருப்பினதுகூட ஞாபகம் இருந்துச்சு. பதினோரு நாளா அது பொய்யின்னு எனக்கு நானே சொல்லிட்டு இருக்கேன்."

அவள் போனில் அப்பாவின் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

சொன்னேன். சம்பந்தியின் குரல் இளகி வந்தது.

"உங்க மனசு யாருக்கும் வராது சம்பந்தி. மருமகளுக்காகப் பழியத் தன் தலையில தூக்கி வெச்சுக்கற மாமனார நான் பாத்ததில்ல. ஆனா புள்ளைங்க விஷயத்துல இப்படிப் பூசி மெழுக வேணாம். அவளுக்கு உறைக்கட்டும்."

"இல்லைங்க, நிஜமாவே நான்தான்..."

"புரியுது சம்பந்தி. கடையில ஆள் நிக்கறாங்க, வெச்சிடறேன்."

அவள் போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். "நல்ல பேருதான் மாமா உங்களுக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலுக்குப் போனாள். செருப்பில் கால் நுழைத்தவள் ஒரு நிமிடம் நின்றாள். திரும்பி வந்து அடுப்பைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள். உண்மை தெரிந்த பிறகும் எடுத்தாள்.

அலமாரியில் இருந்த கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பேருந்து மாறி மருந்துக்கடைக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. அதில் தங்கை உட்கார்ந்து காலி மருந்துப் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக்கொண்டிருந்தாள். கால் நீட்டக்கூட அங்கே இடமில்லை. என்னைப் பார்த்ததும், "பன் கொண்டு வந்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

சம்பந்தி ஸ்டூல் போட்டார். காலையில் பேசியதை நினைத்தோ என்னவோ, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். மருந்து வாங்க வந்தவர் போகும்வரை காத்திருந்து, கிண்ணத்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அது நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது.

"இத நல்லா பாருங்க" என்றேன். "ரெண்டு நிமிஷச் சூட்ட அணைக்க மறந்தா கிண்ணம் இப்படி ஆகாது. மாவு பொங்க வைக்கறவங்க திருக லேசாத்தான் திருப்புவாங்க. இது கடைசி வரைக்கும் திருப்பின சூடு. அப்படித் திருப்பற பழக்கம் எங்க வீட்ல ஒருத்தனுக்குத்தான் உண்டு. இருபத்தாறு வருஷப் பழக்கம். என் பன்ன உங்ககிட்ட காட்டிக்கணும்னு, உள்ள என்ன இருக்குன்னுகூடப் பாக்காம திருப்பினேன். அவ அணைச்சது நிஜம். அவளுக்கு அது ஞாபகமும் இருந்துச்சு. நான் சும்மா இருந்ததாலதான் அவ தன்னையே சந்தேகப்பட்டா. இன்னிக்குக் காலையில அடுப்ப போட்டோ எடுத்து, அணைஞ்சிருக்கான்னு என்கிட்ட கேட்டா. என்கிட்ட."

அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். உருகி வழிந்து கெட்டியாகிப்போன ஓரத்தை விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. உள்ளே பெட்டி மடிக்கிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

பிறகு கேட்டார்.

"அன்னிக்கு மேசையில, என் பொண்ண நான் அவ்வளவு பேச்சுப் பேசறப்ப, நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"உங்க தட்டுல ரெண்டாவது பன்ன வெச்சிட்டு இருந்தேன்" என்றேன்.